ஒரே பந்தியில் அமர்ந்தும் அந்நியராகவா?

வாசகர் கடிதம்: கணவரின் வேலை மாற்றத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய ஊருக்கு வந்தோம். எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஆலயமே பக்கத்தில் இருந்ததால் அங்கே சேர்ந்துகொண்டோம். ஆராதனை முறை முழுவதும் எனக்கு மனப்பாடம். மாதந்தோறும் திருவிருந்தில் அப்பமும் இரசமும் எடுக்கிறேன். ஆனால் இதுவரை சபையார் ஒருவர்கூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. இங்கே இரண்டு குடும்பங்கள் நிர்வாகக் குழுத் தேர்தல் சண்டைக்குப் பிறகு பேசிக்கொள்வதே இல்லை. ஆனாலும் இரு வீட்டாரும் ஒரே பீடத்தின் முன் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்தில் பருகுகிறார்கள். இதையெல்லாம் பார்த்த என் பதினாறு வயது மகள், "வாராவாரம் அதே வார்த்தைகள். வாய் சொல்கிறது, மனம் எங்கேயோ இருக்கிறது. இதை வீட்டிலேயே போனில் பார்த்துக்கொள்ளலாமே" என்கிறாள். தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கான வகுப்பில் சேரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சடங்குகள் உண்மையிலேயே மனிதர்களைச் சேர்க்கின்றனவா, அல்லது சேர்ந்திருப்பதுபோல் நாம் நடிக்கிறோமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்க்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். உங்கள் கடைசி வரியில் ஒரு பயம் தெரிகிறது: இத்தனை காலம் செய்துவந்ததெல்லாம் வெறும் பழக்கம்தானோ என்று. அப்படி இல்லை. அதே சமயம், சடங்கு தொடங்கிவைக்கிற உறவை மனிதர்கள் பாதியிலேயே கைவிட்டுவிடவும் முடியும். உங்கள் சபையில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஆயராக ஊழியம் செய்பவன். இறையியல் மாணவர்களுக்கு வழிபாட்டியலும் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மனம் நிறைந்திருந்ததா, பக்கத்தில் இருந்தவர்மேல் பாசம் வந்ததா என்று தங்களையே சோதித்துப் பார்க்கிறார்கள். வரவில்லை என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். மனம் உருகினால் நல்லதுதான். ஆனால் ஒரு ஞாயிறு உருகும், அடுத்த ஞாயிறு வறண்டு கிடக்கும். அதை நம்பி ஒரு சமூகம் நிற்க முடியாது. ஞானஸ்நானமும் திருவிருந்தும் நம்மைப் பிணைப்பது அவை நடக்கிற முறையிலேயே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், இவற்றில் எதையும் தனியாளாக நடத்த முடியாது. ஞானஸ்நானம் இன்னொருவர் கையால்தான் வர வேண்டும். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஜான் ஸ்மைத் என்ற ஆங்கிலப் போதகர், குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். தமக்குச் சரியான ஞானஸ்நானம் கொடுக்கத் தகுந்த சபை எதுவும் இல்லை என்று எண்ணித் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பிறகு தம்மோடு இருந்தவர்களுக்கும் கொடுத்தார். பாப்டிஸ்ட் சபைகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வெகு சீக்கிரமே அவருக்கு உறுத்தல் வந்தது. வயதுவந்தோருக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் மென்னோனைட் சபை அருகிலேயே இருக்கும்போது தாமே கொடுத்துக்கொண்டது தவறு என்று உணர்ந்து, அந்தச் சபையில் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அவருடைய கொள்கை எனக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் தனியாக யோசித்துத் தனியாக முடிவெடுத்த அந்த மனிதரால்கூட, தன் தலையில் தானே ஊற்றிக்கொண்ட தண்ணீரோடு நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பதுதான் என்னைத் தொடுகிறது.

மற்றவையும் அப்படித்தான். பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் பெற்ற கத்தோலிக்கக் குரு தம்மைத் தாமே மன்னித்துக்கொள்ள முடியாது. போப்பாண்டவரும் இன்னொரு குருவிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். ஒருவரைப் பேராயராக ஏற்படுத்தக் குறைந்தது மூன்று பேராயர்கள் கூட வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் விதித்தது. திருமணத்துக்குக் குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்று 1563இல் டிரெண்ட் சங்கம் சொன்னது. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்கிறது யாக்கோபின் நிருபம். திருவிருந்தில் நடத்துகிறவரே முதலில் எடுத்துக்கொள்வது பல சபைகளில் வழக்கம்தான். ஆனால் அவரும் தனியாக நின்று அதை நடத்திவிட முடியாதபடி 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் ஒரு வேலி போட்டது: கூடவே பங்கெடுக்க நான்கு பேர், குறைந்தபட்சம் மூன்று பேராவது இல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது. ஊர் சிறியதாக இருந்தாலும் விதி அதேதான்.

இப்படிப்பட்ட திருச்சடங்குகளைக் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் ஏழு என்று எண்ணுகிறார்கள், சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் இரண்டு என்கின்றன. அந்த வாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். குவேக்கர்களும் இரட்சணிய சேனையாரும் இவை எதையும் கைக்கொள்வதில்லை, ஆனாலும் நெருக்கமான சமூகங்களாக வாழ்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் குவேக்கர் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒன்றாக மௌனமாக இருப்பதே சேர்ந்து செய்கிற காரியம். தனித்தனியாக வீட்டில் மௌனமாக இருப்பதும் அதுவும் ஒன்றல்ல.

இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் அந்த ஆலயத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது விருந்தாளியாக நுழையவில்லை. உங்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க யாரும் நினைக்கவில்லை அல்லவா? எங்கோ, என்றோ, யாரோ ஒரு ஆயர் கொடுத்ததை அந்தச் சபை தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. ஒரு சபையில் பெற்ற ஞானஸ்நானத்தை மற்றச் சபைகளும் ஏற்க வேண்டும், திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது 1982இல் பெரு நாட்டின் லீமாவில் பல திருச்சபைகள் சேர்ந்து உருவாக்கிய அறிக்கையிலும் இருக்கிறது. இன்னொன்று. குழந்தை ஞானஸ்நானத்தின்போது பல ஆராதனை முறைகளில் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் மட்டுமல்லாமல் கூடியிருக்கும் சபையாரிடமும் கேள்வி கேட்கப்படும்: இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பீர்களா என்று. நிற்போம் என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் மகளுக்காக அப்படி வாக்குக் கொடுத்தது பழைய ஊர்ச் சபையாக இருக்கலாம். ஆனால் அந்த வாக்கு திருச்சபையின் வாக்கு. நீங்கள் இடம் மாறியபோது அது இந்தச் சபையின் தோள்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வராதது நாகரிகக் குறைவு மட்டுமல்ல, கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மனவருத்தம் நியாயமானது.

மகளின் முதல் கேள்விக்கு வருவோம்: வாய் சொல்கிறது, மனம் எங்கேயோ இருக்கிறது. அவள் சொல்வது உண்மை, அதை மறுக்காதீர்கள். ஆனால் அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் அவள் வயதில் தெரியாத ஒரு பயன் உண்டு. வாழ்க்கையில் ஜெபிக்க வார்த்தையே வராத நாட்கள் வரும். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வருகிற தாயால் விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்காகவும் சேர்த்து அவர்கள்தான் விசுவாசிக்கிறார்கள். இன்னொரு ஞாயிறு அவர் மற்றவர்களுக்காகச் சொல்வார். எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைகளாக இருந்தால்தான் இது நடக்கும். ஞாபகம் பெருமளவு போய்விட்ட முதியவர்களோடு பரமண்டல ஜெபம் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர் மறந்தவர்கள்கூட உதட்டை அசைத்து நம்மோடு சேர்ந்துகொள்வதை அடிக்கடி காணலாம். மனம் எங்கேயோ இருந்த காலத்தில் வாய் சேர்த்துவைத்ததுதான் அது.

ஜப்பானில் நடந்ததை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அங்கே 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. மிஷனெரிகள் வெளியேற்றப்பட்டார்கள், ஒளிந்திருந்த குருக்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். 1640களோடு அந்த நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குருவும் போய்விட்டார். நற்கருணை (கத்தோலிக்கர் திருவிருந்தை அழைக்கும் பெயர்) கொண்டாடக் குரு வேண்டும், ஆகவே அது நின்றுபோனது. ஆனால் ஞானஸ்நானத்தை அவசரத்தில் யாரும் கொடுக்கலாம் என்பதால் அது நிற்கவில்லை. மறைந்து வாழ்ந்த கிராமத்தார் ஞானஸ்நானம் கொடுப்பதற்கென்றே ஒருவரை வைத்துக்கொண்டார்கள், திருநாட்களைக் கணக்குப் பார்க்க இன்னொருவரை. ஜெபங்கள் வாய்மொழியாகவே கைமாறின. லத்தீனும் போர்ச்சுகீசியமும் சிதைந்து, சொல்கிறவர்களுக்கே பொருள் புரியாத ஒலிகளாகின. இப்படி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டியிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவை நெருங்கி, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார்கள். போதகர் இல்லை, கட்டடம் இல்லை, வேதபுத்தகம் கையில் வைத்திருந்தாலே ஆபத்து. அந்தச் சமூகத்தை ஏழெட்டுத் தலைமுறை சேர்த்துப் பிடித்திருந்தவை ஞானஸ்நானத் தண்ணீரும், நாட்காட்டியும், பாதி புரியாத ஜெபங்களும்தான். புரிந்தால்தான் சேர்க்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய பதில். புரிந்துகொள்ளும் முயற்சியே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. தாய்மொழியையும் குழந்தை முதலில் பேசிவிட்டு அப்புறம்தான் இலக்கணம் படிக்கிறது.

சரி, அந்த இரண்டு குடும்பங்கள். கடிதத்தில் உங்களை அதிகம் உலுக்கியிருப்பது இதுதான் என்று தெரிகிறது.

இது புதிதல்ல. திருவிருந்தைப் பற்றி நம் கையில் இருக்கும் எழுத்துகளில் மிகப் பழையது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், கி.பி. 50களின் நடுவில் எழுதியது. அதை அவர் எழுத நேர்ந்ததே ஒரு சண்டையால்தான். அப்போது திருவிருந்து முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியானவர்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்து வெறித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் சொன்ன தீர்ப்பு கடுமையானது: நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல. அப்பம் சரியில்லை என்றோ ஜெபம் தவறு என்றோ அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பட்டினி போட்டுவிட்டுச் செய்வது அது ஆகாது என்றார். இதற்கு ஒரு அதிகாரம் முன்னால்தான், அப்பம் ஒன்றே என்பதால் அநேகரான நாம் ஒரே சரீரம் என்று எழுதியிருந்தார். அப்படியானால், பேசாமல் இருக்கும் இரண்டு வீட்டார் ஒரே அப்பத்தை வாங்கும்போது, அந்த அப்பமே அவர்களைக் குற்றம் சாட்டுகிறது. உங்களுக்கு ஏற்பட்ட அருவருப்பு சடங்கு பொய் என்பதால் வரவில்லை. அந்தச் சடங்கு என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாகப் புரிந்திருப்பதால்தான் முரண் கண்ணில் குத்துகிறது. சபையே இல்லாத இடத்தில், இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்தால் அது யாருக்கும் ஒரு பிரச்சினையாகவே தோன்றாது.

சரிசெய்யும் வழியையும் திருச்சபை சடங்குக்குள்ளேயே வைத்திருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். முதல் தலைமுறைகளின் திதகே என்ற சிறு நூல், அயலானோடு சண்டையில் இருப்பவன் சமாதானமாகும் வரை கூட்டத்தில் சேரக் கூடாது என்கிறது. கிழக்குத் திருச்சபைகளில் தவக்காலத்தின் வாசலில் ஒரு மன்னிப்பு ஆராதனை உண்டு. ஒவ்வொருவரும் மற்றவர் முன் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், குருவும் விதிவிலக்கல்ல. மேலே சொன்ன 1662 ஜெபப் புத்தகத்தில் உங்கள் சபைக்கென்றே எழுதியதுபோல் ஒரு குறிப்பு இருக்கிறது. இருவருக்குள் பகை இருப்பதை ஆயர் கண்டால், அவர்கள் ஒப்புரவாகும் வரை பந்திக்கு அனுமதிக்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கத் தயார், மற்றவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றால், தயாராக இருப்பவரை அனுமதித்துப் பிடிவாதக்காரரை நிறுத்த வேண்டும். பிணக்கில் ஒரு தரப்பு மனம் மாறாவிட்டால் மற்றவர் என்ன செய்வார் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். இன்று நம் ஆராதனையில் மிஞ்சியிருப்பது "சமாதானம்" சொல்லிக் கைகுலுக்கும் அந்த அரை நிமிடம்தான். அதையும் நாம் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரரோடு முடித்துக்கொள்கிறோம். எனக்கு இது பெரிய வேதனை. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அடுத்து வரும் அப்பம் காத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரு குடும்பத்தாருக்கும் வேறு ஆலயத்துக்குப் போய்விடுவது எளிது. போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலாவது அதே பீடத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நடுவில் அறுபடாமல் மிஞ்சியிருக்கும் ஒரே இழை அதுவாக இருக்கலாம். அதனால் "நடிப்பு" என்ற சொல்லை அவர்கள்மேல் போடத் தயங்குகிறேன். இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. உங்கள் ஆயரைத் தனியாகச் சந்தித்து, இது என் மகளின் விசுவாசத்தைத் தடுக்கிறது என்று அவரிடம் மட்டும் சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்குள் போகாதீர்கள், சபையில் வேறு யாரிடமும் இதைப் பேசாதீர்கள். அவர்களை அழைத்து உட்காரவைக்க வேண்டியவர் அவர்தான். பெரும்பாலான ஆயர்கள் இப்படிப்பட்ட சண்டையைத் தெரியாததுபோல் கடந்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால், கடந்துபோவது கஷ்டம்.

உங்கள் தனிமைக்கு வருகிறேன். கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்து ஜஸ்டின் என்பவர் (பிறகு இரத்தசாட்சியாக இறந்தவர்) கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் இரசமும், நமக்குப் பழக்கமான வரிசைதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சேர்ந்த காணிக்கை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. கடைசியாகச் சொன்னவர்களைக் கவனித்தீர்களா? வெளியூரிலிருந்து வந்தவர்கள். உங்களைப் போன்றவர்கள் அந்த வரிசையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதே ரோமில் பின்னாளில் இன்னொரு வழக்கம் இருந்தது. நகரின் மற்ற ஆலயங்களில் இருக்கும் குருக்கள் ஞாயிறன்று தங்கள் மக்களை விட்டுப் பேராயரின் பீடத்துக்கு வர முடியாது. எனவே அவர் தம் பீடத்து அப்பத்தில் ஒரு துண்டை அவர்களுக்கு அனுப்பிவைப்பார். அவர்கள் தங்களை நம் ஐக்கியத்திலிருந்து பிரிந்தவர்களாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, என்று 416இல் ரோமின் பேராயராக இருந்த போப் முதலாம் இன்னசென்ட் எழுதியிருக்கிறார்.

ஆக, பழைய திருவிருந்து ஆலய வாசலில் முடியவில்லை. யாராவது எடுத்துக்கொண்டு நடந்தார்கள். உங்கள் சபையில் அந்த நடை நின்றுபோயிருக்கிறது. ஆசீர்வாதம் கூறியதும் எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். அதை மறுபடி தொடங்க நீங்கள் தலைவராக இருக்க வேண்டியதில்லை. உடல்நலம் இல்லாமல் வீட்டில் கிடக்கும் சபையார் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களுக்கு ஆயர் திருவிருந்து கொண்டுபோகும்போது நானும் கூட வரட்டுமா என்று கேளுங்கள். ஆராதனையில் வேதம் வாசிக்கவும், பீடத்தைத் தயார் செய்யவும் உங்கள் பெயரைக் கொடுங்கள். புதிதாக வந்தவரிடம் கேட்கத் தயங்குவார்கள், நீங்களே முன்வந்தால் மறுப்பவர் குறைவு. அப்புறம், உங்களுக்குத் தெரியாதவர்களின் ஞானஸ்நானத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். இவற்றை நாம் குடும்ப நிகழ்ச்சிகளாக மாற்றிவிட்டோம், அழைப்பு வந்தால்தான் போகிறோம். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமைகளில், அதிகம் பேர் கூடும் நேரத்தில் நடக்க வேண்டும் என்று அந்த ஜெபப் புத்தகமே சொல்லியிருந்தும், தனியாக ஒரு மத்தியானத்தில் உறவினர்களை மட்டும் வைத்து முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அடக்க ஆராதனையில் பின்வரிசையில் நின்று "ஆமென்" சொன்ன புது முகத்தை அந்தக் குடும்பம் மறக்காது. துக்க வீட்டில் பிறந்த பழக்கம் விருந்தில் பிறந்ததைவிட நீடிக்கும்.

உங்கள் தேவையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆயரிடம், எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போங்கள், வரும்போது சபையார் இருவரையும் கூட்டி வாருங்கள் என்று கேளுங்கள். கேட்டு வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள். பீடத்தின் முன் நாம் கையை நீட்டித்தானே வாங்குகிறோம்?

போனில் பார்க்கலாமே என்ற கேள்வியை லேசாக ஒதுக்க வேண்டாம். 2020இல் ஆலயங்கள் மூடியிருந்தபோது திரை வழியாக வந்த ஆராதனை எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் தருகிறது. திரை வழியாகத் திருவிருந்து செல்லுமா என்பதில் திருச்சபைகள் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை, சீர்திருத்தச் சபைகளில் சில அனுமதித்தன. என் கருத்து, பிரசங்கமும் பாட்டும் திரையைத் தாண்டி வரும், அப்பம் வராது. கொடுக்கிற கை வேண்டும். திரைக்கு முன்னால் நீங்கள் பாதியில் எழுந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் மகள் உடனே திருப்பிக் கேட்பாள்: அம்மா, அங்கே நேரில் போனால் மட்டும் நாம் வந்தோமா இல்லையா என்று யார் பார்க்கிறார்கள்? அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. நீங்கள் அந்தச் சபையில் ஒருவருடைய வராமையையாவது கவனிக்கிறவராக மாறுவதுதான் பதில். ஒரு ஞாயிறு வராத ஒரு பாட்டியை அன்று மாலையே போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.

கடைசியாகத் திடப்படுத்தல். இதில் கட்டாயப்படுத்தவே கூடாது. சிறு வயதில் பெற்றோர் அவளுக்காகச் சொன்னதை அவள் தன் வாயால் "ஆம்" என்று சொல்லும் இடம் அது. பயமுறுத்தி வாங்கிய "ஆம்" அங்கே எதற்கும் உதவாது. "மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சடங்கு நடிப்புதான் என்று அவள் நினைத்ததை நீங்களே உறுதிசெய்ததாகிவிடும். அதற்குப் பதிலாக, வகுப்புக்கு வந்து கேள்வி கேள், கடைசியில் முடிவு உன்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். ஆயரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவள் கேள்வி கேட்பாள், அதை அடங்காமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. நீங்களும் ஆயரும் அல்லாத ஒரு மூன்றாவது பெரியவர் அவளுக்கு வேண்டும். ஞானத்தாய் தூரத்தில் இருந்தால் அவருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். அவர் கொடுத்த வாக்கு இன்னும் செல்லும். இல்லையென்றால் சபையில் அவளோடு பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு பெண்மணியை ஆயர் காட்டட்டும். வகுப்பு முடிந்தும் வேண்டாம் என்றால் இந்த ஆண்டு பட்டியலில் அவள் பெயர் வேண்டாம். இருபதிலும் நாற்பதிலும் திடப்படுத்தல் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள், பேராயர் அடுத்த ஆண்டும் வருவார்.